பாய்ம இயக்கவியலின் அடிப்படைகள்: பாலாறு அணைக்கட்டை முன்வைத்து

நீர், எண்ணெய், காற்று போன்ற ஓடும் தன்மையுள்ள பொருள்கள் பாய்மங்கள் எனப்படும். அவை நிற்கும்போதும் ஓடும்போதும் எந்த விதிகளுக்கு உட்படுகின்றன என்று ஆராயும் அறிவியல் துறை பாய்ம இயக்கவியல் ஆகும். அந்த விதிகளை அணை, மதகு, கால்வாய், குழாய், எந்திரம் ஆகியவற்றில் பயன்படுத்தும் பொறியியல் பிரிவை நீர்விசையியல் என்கிறோம்.

இவ்விதிகளைப் பாடநூலில் படிப்பதைவிட ஓர் ஆற்றங்கரையில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். அதற்கு ஏற்ற இடங்களில் ஒன்று இராணிப்பேட்டை மாவட்டத்திலுள்ள வாலாஜாபேட்டை. ஊருக்குத் தெற்கே ஓடும் பாலாற்றின் குறுக்கே 1858இல் கட்டி முடிக்கப்பட்ட பாலாறு அணைக்கட்டு இருக்கிறது. முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள இந்தத் தாழ்வான தடுப்பிலிருந்து வலக்கரையில் சக்கரமல்லூர், தூசி கால்வாய்களும் இடக்கரையில் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி கால்வாய்களும் பிரிகின்றன. அவை பல்லவர் காலத்திலிருந்து பெயர் பெற்ற ஏரிகளுக்கு நீர் கொண்டு செல்கின்றன. ஆற்றின் மேல்பகுதியிலோ வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன.

இங்கே ஒரே ஆற்று நீரை மூன்று நிலைகளில் பார்க்கலாம். ஏரியில் அது நிற்கிறது. வெள்ளக் காலத்தில் ஓடுகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் மணலுக்கடியில் கசிகிறது. மூன்று நிலைகளுக்கும் கணக்கு வேறு. கசியும் நீரை ஓடும் நீராக எண்ணிக் கழிவைக் கலந்ததால்தான் தோல் பகுதியின் தண்ணீர்ச் சிக்கல் இவ்வளவு நீண்டகாலச் சிக்கலாக ஆனது. அதைப் புரிந்துகொள்ள முதல் இரண்டு நிலைகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

பாய்மத்தின் இயல்புகள்

ஒரு செங்கல்லைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் அது தன் வடிவத்தை விடாது. நீரை எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் அது நகர்ந்துவிடும். பக்கவாட்டு இழுப்பைத் தாங்கி நிற்க முடியாத பொருளே பாய்மம். இருந்தாலும் நகரும் வேகத்துக்கு ஏற்ப அது ஓரளவு எதிர்ப்புக் காட்டும். அந்த எதிர்ப்புக்குப் பாகுநிலை என்று பெயர். வெல்லப்பாகையும் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலைச்சொல்லை விளக்கத் தேவையில்லை.

நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோகிராம். அதாவது ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள தொட்டி நிறைய நீர் ஒரு டன் எடையிருக்கும். நீரை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம். கீழே வரும் கணக்குகளில் அதன் அடர்த்தி மாறாது என்றே கொள்வோம்.

நிற்கும் நீர்

நிலையாக நிற்கும் நீருக்குள் ஒரு புள்ளியில் உள்ள அழுத்தம், அதற்கு மேலுள்ள நீரின் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் அந்த அழுத்தம் கிடைக்கும். ஏரி எவ்வளவு பரந்தது என்பது இக்கணக்கில் வராது. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பும்போது ஆழம் 30 அடிக்கு மேல். கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றரை டி.எம்.சி. பக்கத்து வயலில் அதே ஆழத்துக்கு நீர் உள்ள சிறு கிணற்றின் அடியிலும் ஏரியின் அடியிலும் அழுத்தம் ஒன்றுதான். முதல்முறை கேட்பவர்கள் இதை நம்புவதில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் தண்ணீரும் கரையை முட்டித் தள்ளுவதாகவே மனம் எண்ணுகிறது.

9 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறக்குறைய 9 டன் எடைக்கு ஈடான விசை இருக்கும். நீர்மட்டத்தில் அது சுழி. மேலிருந்து கீழே சீராக ஏறுவதால், ஒரு மீட்டர் நீளமுள்ள கரையின் மீது விழும் மொத்த விசை ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. 9 மீட்டர் ஆழத்துக்கு அது சுமார் 40 டன் வரும். அந்த விசை செயல்படும் புள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். ஆகவே கரையைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் ஆழத்தின் முப்படிக்கு ஏற்ப வளரும். ஆழம் இருமடங்கானால் தள்ளும் விசை 4 மடங்கு, கவிழ்க்கும் திறன் 8 மடங்கு. பழைய ஏரிக்கரைகள் உச்சியில் வண்டிப்பாதை அளவும் அடியில் பல மடங்கு அகலமும் கொண்டிருப்பது இதனால்தான். காவேரிப்பாக்கம் ஏரியின் கரை எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அதில் எந்த ஓரிடம் மெலிந்தாலும் அங்கே இந்தக் கணக்கு வேலையைக் காட்டிவிடும்.

மண்கரை மெல்லக் கசிந்து எச்சரிக்கும். மெல்லிய சுவர் எச்சரிப்பதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் கசடு பாய்ந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்களை மூடியது. 10 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

கசடு நீரைவிட அடர்த்தி மிக்கது. கன மீட்டருக்கு 1300 கிலோ உள்ள கசடு 4 மீட்டர் உயரத்துக்கு நிற்பதாக ஒரு பேச்சுக்குக் கொள்வோம். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் 10 டன்னுக்கு மேல் விசை விழும். 2 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய சுவரின் மேல் இன்னும் 2 மீட்டர் எழுப்பிக் கசடை நிரப்பினால், கட்டியவர் கண்ணுக்கு அது இருமடங்குச் சுவர். அதன் அடிப்பகுதிக்கோ அது எட்டு மடங்குச் சுமை. கசடு காய்ந்து மண்ணாக இறுகினால் தள்ளுவிசை குறையும். ஈரமாகவே கிடந்தால் அது முழுப் பாய்மமாக நடந்துகொள்ளும். தொட்டி கட்டுவதற்கும் மண் கொட்டி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

நிற்கும் நீரின் இன்னொரு விளைவு உழவர்கள் நன்கு அறிந்தது. கரையில் வைத்த மோட்டார் நீரை மேலே இழுப்பதாகத் தோன்றும். உண்மையில் மோட்டார் குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மீது அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் நீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தால் அதிகபட்சம் 10.3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தையே தாங்க முடியும். உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் சுமார் 7 மீட்டர்தான் கிடைக்கும். இத்தாலியரான டாரிசெல்லி 1640களில் இதை விளக்கினார். பாலாற்றுப் படுகையில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினார்கள். பிறகு நீருக்குள்ளேயே மூழ்கி நின்று மேலே தள்ளும் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. தள்ளுவதற்கு இந்த 10 மீட்டர் வரம்பு கிடையாது. வந்த வசதி நீர்மட்டத்தை இன்னும் கீழே கொண்டுபோனது வேறு கதை.

பாஸ்கல் விதி

அடைபட்ட பாய்மத்தின் ஓரிடத்தில் அழுத்தத்தைக் கூட்டினால் அந்தக் கூடுதல் அழுத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் குறையாமல் பரவும். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் கூறிய இந்த விதியில்தான் ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளின் கிளிக்கிங் பிரஸ் இயங்குகிறது. 5 சதுர செ.மீ. பரப்புள்ள சிறு உந்துதண்டில் 10 கிலோ எடைக்கு ஈடான விசை தந்தால், 500 சதுர செ.மீ. பரப்புள்ள பெரிய உந்துதண்டில் 1000 கிலோ கிடைக்கும். பதிலுக்குச் சிறிய தண்டு 100 செ.மீ. நகர்ந்தால் பெரியது 1 செ.மீ. மட்டுமே நகரும். தோலின் மீது வைத்த வெட்டச்சை ஒரே அழுத்தில் இறக்க அந்தச் சிறு நகர்வே போதும். வண்டிகளின் பிரேக்கும் பொக்லைன் கையும் இதே விதியின் பிள்ளைகள்.

ஓடும் நீர்

நீர் ஓடத் தொடங்கியதும் இரண்டு கணக்குகள் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது தொடர்ச்சி விதி. ஒரு கால்வாயில் ஒரு நொடிக்கு நுழையும் நீரின் அளவும் வெளியேறும் அளவும் சமம். வெட்டுப்பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் ஓட்டவீதம் வரும். ஆகவே வழி குறுகினால் வேகம் கூடியாக வேண்டும். செய்தித்தாள்களில் வரும் கன அடி என்பது நொடிக்கு இத்தனை கன அடி என்பதன் சுருக்கம். ஒரு கன அடி 28.3 லிட்டர்.

இரண்டாவது, சுவிஸ் கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட விதி. ஓடும் நீரில் உயரத்தால் வரும் ஆற்றல், அழுத்தத்தால் வரும் ஆற்றல், வேகத்தால் வரும் ஆற்றல் மூன்றின் கூட்டுத்தொகை, உராய்வை ஒதுக்கிவிட்டால், மாறுவதில்லை. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். உயரத்தை வேகமாக மாற்றும் கருவிக்கு ஏரி மதகைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நீர்மட்டத்துக்கு 9 மீட்டர் கீழே உள்ள துளையிலிருந்து நீர் நொடிக்குச் சுமார் 13 மீட்டர் வேகத்தில் பாயும். உயரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகத்தான் குறையும். வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதே காரணம். ஏரி முக்கால்வாசி ஆழம் இறங்கிய பிறகும் மதகு பாதி நீரைத் தந்துகொண்டிருப்பது கடைமடை உழவருக்குச் சாதகமான கணிதம்.

பழைய ஏரிகளின் குமிழித்தூம்பில் கல் துளைகளை அடைப்பான்களால் மூடி, வேண்டும்போது மேலே தூக்குவார்கள். நீரோடித் துளை மேலேயும், அடியில் படியும் வண்டலை வெளியேற்றும் சேறோடித் துளை கீழேயும் இருக்கும். 9 மீட்டர் ஆழத்தில் 10 செ.மீ. குறுக்களவுள்ள துளையின் கீழே காற்று மட்டும் இருக்கும்போது அடைப்பானைத் தூக்கச் சுமார் 70 கிலோ எடையைத் தூக்கும் வலு வேண்டும். துளையை 20 செ.மீ. ஆக்கினால் 280 கிலோ. ஒரே பெரிய துளை வைக்காமல் சிறு துளைகளைப் பிரித்து வைத்ததன் பயன் இந்த எண்களில் தெரியும். மகேந்திரவாடியில் ஏரி வெட்டிய முதலாம் மகேந்திரவர்மன் காலம் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அழுத்தத்துக்குச் சமன்பாடு எழுதப்பட்டது அதற்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து.

இனி அணைக்கட்டுக்கு வருவோம். இது நீரைத் தேக்கி வைக்கும் அணை அன்று. ஆற்றின் நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திப் பக்கக் கால்வாய்களுக்குள் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்கு மேல் வழியவிடும் தடுப்பு. இப்படி வழியும் நீரின் ஓட்டவீதம் தடுப்பின் நீளத்தையும், உச்சிக்கு மேலுள்ள நீர் உயரத்தின் ஒன்றரைப் படியையும் பொறுத்தது. நீளம் 800 மீட்டர் என்று கொண்டால், உச்சிக்கு மேல் 1 மீட்டர் நீர் வழியும்போது நொடிக்குச் சுமார் 48,000 கன அடி போகும். உயரம் இருமடங்கானால் ஓட்டம் இரண்டே முக்கால் மடங்குக்கு மேல் ஆகும்.

2021 நவம்பரில் இந்த அணைக்கட்டில் ஓட்டம் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. மேற்சொன்ன சூத்திரப்படி அது உச்சிக்கு மேல் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீர். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றுக்கு அது பெரிய காட்சி. அந்த நீர் முழுவதையும் திருப்ப முடிந்திருந்தால் காவேரிப்பாக்கம் ஏரி நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலான காலத்தில் நிரம்பியிருக்கும். கால்வாய் அவ்வளவு நீரை ஏற்காது. கால்வாயின் சரிவு, அகலம், ஆழம், கரையின் சொரசொரப்பு ஆகியவை சேர்ந்து அதன் வேகத்துக்கு வரம்பு கட்டிவிடுகின்றன. நாணலும் ஆகாயத்தாமரையும் மண்டிய கால்வாயில் சொரசொரப்பு பல மடங்கு கூடி ஓட்டம் அந்த அளவுக்குக் குறையும். தூர்வாரும் பணியின் பயனை வெட்டிய மண்ணின் அளவால் கணக்கிடுவதைவிட, அதே நீர்மட்டத்தில் கூடியிருக்கும் ஓட்டத்தால் கணக்கிடுவது சரியாக இருக்கும்.

ஓடும் நீரின் மோதுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இடுப்பளவு நீரில் நிற்பவரின் மீது சுமார் 60 கிலோ எடைக்கு ஈடான தள்ளுவிசை விழும். 3 மீட்டர் வேகத்தில் 135 கிலோ. அதே சமயம் நீரின் மிதப்பு விசை காலடிப் பிடிப்பையும் குறைத்துவிடும். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போகும்போது நீச்சல் தெரிந்தவரும் இறங்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதியில் பாலாற்றின் மேல்பக்கத்து ஏரிகள் உடைந்து, வாணியம்பாடியில் 200 பேர் வரை இறந்தனர். மழை வெள்ளம் படிப்படியாக ஏறும். உடைந்த ஏரியின் நீரோ செங்குத்தான அலைமுகத்தோடு வரும்.

கசியும் நீர்

வாலாஜா ரோடு இரயில் நிலையத்துக்கும் இராயபுரத்துக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியது. அதே ஆண்டில் பிரான்சின் திஜோன் நகரில், ஊர்க் குடிநீர்த் திட்டத்தை அமைத்த பொறியாளர் ஆன்றி டார்சி தன் மணல் சோதனைகளை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பாலாற்றை விளங்கிக்கொள்ள டார்சியின் விதியைவிட உதவும் விதி வேறில்லை.

மணல் நிரப்பிய குழாய் வழியாகப் போகும் நீரின் அளவு மூன்றைப் பொறுத்தது என்று டார்சி கண்டார்: குழாயின் வெட்டுப்பரப்பு, இரு முனைகளுக்கும் இடையிலான நீர்மட்டச் சரிவு, அந்த மணலுக்கே உரிய கசிதிறன். பருமணலின் கசிதிறன் நாளுக்குப் பல பத்து மீட்டர். களிமண்ணுக்கு அது மில்லிமீட்டருக்கும் குறைவு.

பாலாறு கர்நாடகத்தில் தோன்றி 348 கி.மீ. ஓடுகிறது. அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில். மழை நாள்கள் தவிர்த்து மேலே நீர் தெரியாது. அதனால் ஆறு வற்றிவிட்டது என்று சொல்வது வழக்கம். மணலின் பருமனில் சுமார் 30 விழுக்காடு வெற்றிடம். நிறைந்த மணலிலிருந்து 20 விழுக்காட்டளவு நீரை எடுக்கலாம். 500 மீட்டர் அகலமும் 5 மீட்டர் ஈரமணலும் உள்ள ஆற்றில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 50 கோடி லிட்டர் நீர் கிடைக்கும். மணலின் மேல் ஒரு மீட்டர் உலர்ந்துவிட்டால் கீழுள்ள நீர் வெயிலில் ஆவியாவது ஏறக்குறைய நின்றுவிடும். திறந்த ஏரிக்கு இந்த வசதி இல்லை. நீர் நிறைந்த பகுதியில் ஒரு மீட்டர் மணலை அள்ளினால், கிலோமீட்டருக்கு 10 கோடி லிட்டர் கொள்ளும் தொட்டியை அள்ளிக்கொண்டு போனதாக ஆகும்.

இந்த நீரை மோட்டார் இல்லாமல் எடுக்கப் பாலாற்றங்கரை ஊர்கள் கண்ட வழி ஊற்றுக்கால். ஆற்று மணலில் 2 மீட்டர் ஆழத்தில் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சரிகிறது. அங்கிருந்து கிலோமீட்டருக்கு அரை மீட்டர் மட்டுமே சரியும் வாய்க்காலைத் தோண்டிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் வாய்க்கால் ஆற்றின் தரையை ஒரு மீட்டர் நெருங்கும். இரண்டாவது கிலோமீட்டரில் நீர் தானாகவே தரைக்கு மேலே வந்து வயலுக்குப் போகும். வழியெங்கும் இரு பக்க மணலிலிருந்தும் நீர் அதற்குள் கசிந்துகொண்டிருக்கும். ஆண்டுதோறும் ஊர் கூடித் தூர்வாரினால் போதும். நீர்மட்டம் வாய்க்காலின் அடிக்குக் கீழே இறங்கிய நாளில் அந்த முறையின் ஆயுள் முடிந்தது.

மணலின் மேல் நிற்கும் அணைக்கட்டுக்கும் கசிவு ஒரு கவலை. மேல்பக்கம் உயர்ந்த நீர், அடித்தளத்துக்குக் கீழே நுழைந்து மறுபக்கம் ஊற்றாக வெளிவரும். அங்கே வேகம் ஓர் அளவைத் தாண்டினால் மணல் துகள்களையும் தூக்கிக்கொண்டு வரும். துகள் போன இடம் குழாயாக நீண்டு, கட்டுமானம் அடியோடு உட்காரும். செனாப் ஆற்றின் கான்கி தடுப்பணை 1895இல் இப்படித்தான் சேதமடைந்தது. கசிவுப் பாதையை நீளமாக்கினால் சரிவு குறையும், வேகமும் குறையும். அடித்தளச் சுவர்களை ஆழமாக இறக்குவதும் முன்னும் பின்னும் கல் பாவுவதும் அதற்காகத்தான்.

கசிவின் வேகமும் தோல் கழிவும்

இப்போது டார்சியின் விதியில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். சரிவு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர். கசிதிறன் நாளுக்கு 50 மீட்டர். வெற்றிடம் 30 விழுக்காடு. மணலுக்குள் நீர் உண்மையில் நகரும் வேகம் நாளுக்குக் கால் மீட்டர். ஆண்டுக்கு ஏறக்குறைய 90 மீட்டர். வாலாஜாபேட்டையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெள்ளநீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 14, 15 மணி நேரத்தில் அந்தத் தொலைவைக் கடந்துவிடும். மணலுக்கடியில் புறப்பட்ட நீருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

வேகம் மட்டுமன்று, ஓட்டத்தின் தன்மையும் வேறு. வேகத்தையும் நீளத்தையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் என்ற அளவு கிடைக்கும். இங்கே பாகுநிலை என்பது அடர்த்தியால் வகுத்த பாகுநிலை. இந்த எண் பெரிதானால் நீர் சுழித்துக் கலங்கி ஓடும். சிறிதானால் அடுக்கடுக்காகக் கலக்காமல் ஓடும். பாலாற்று வெள்ளத்தில் இந்த எண் 40 லட்சம் வரும். மணல் துகள்களுக்கிடையே ஆயிரத்தில் ஒன்று. வெள்ளத்தில் கொட்டிய சாயம் விரைவில் கலந்து மறையும். மணலுக்குள் இறங்கிய உப்புநீர் நூல் இழைபோல அதே பாதையில் நகரும், எளிதில் நீர்த்துப்போகாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தோல் பகுதியின் நிலை புரியும். உப்பிட்டுப் பதப்படுத்திய பச்சைத்தோலை முதலில் ஊறவைத்துக் கழுவுவார்கள். அந்த நீரில் உப்பு முழுதும் இறங்கும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் பகுதியில் 35,000 எக்டேர் அளவு விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழானது என்றும் குறிப்பிட்டது. ஆற்றிலும் ஓடையிலும் விட்ட கழிவை வெள்ளம் அடித்துப் போய்விடும் என்ற எண்ணம், மழைக்கால நாள்களுக்கு மட்டும் பொருந்தும். மற்ற நாள்களில் விட்டது மணலுக்குள் இறங்கி, ஆண்டுக்கு நூறு மீட்டர்கூட நகராமல் தங்கியது.

மோட்டார் இதை இன்னும் சிக்கலாக்கும். கிணற்றில் நீர் இறைக்கும்போது சுற்றிலும் நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழும். இயற்கைச் சரிவு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டராக இருந்த இடத்தில், கிணற்றை ஒட்டி அது பல மடங்காகும். ஆற்றின் போக்குக்கு எதிர்த்திசையிலும் திரும்பும். உப்புநீர் தானாக வராத கிணற்றுக்கும் இப்படி இழுத்து வரப்படும். லிட்டருக்கு 10 கிராம் உப்புள்ள நீர் நல்ல நீரைவிட முக்கால் விழுக்காட்டளவு கனமானது. சிறு வேறுபாடுதான், மெல்ல நகரும் நீரில் கீழே சென்று பாறை இடுக்கில் தங்க அதுவே போதும்.

குரோமியத்தின் கதை சற்று மாறுபட்டது. பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு மெதுவாகவே நகரும். அறுவிணைதிறக் குரோமியம் நீரோடு நீராகப் போகும், நச்சும் மிகுதி. இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியலில் இருப்பது இந்த இரண்டாவது வகை. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக இராணிப்பேட்டையைச் சேர்த்ததற்கு அதுவே காரணம். குவியலின் மீது பெய்யும் ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கரைத்துக் கீழே அனுப்பும். அங்கிருந்து டார்சியின் கணக்கு தொடங்கும்.

வடிகட்டி, நுண்ணுயிர் கொண்டு செரிக்கவைக்கும் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. அதற்கு எதிர்ச் சவ்வூடு முறை வேண்டும். மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் உப்புநீரும் மறுபக்கம் நல்ல நீரும் இருந்தால், நல்ல நீர் உப்புப் பக்கம் போகவே முயலும். லிட்டருக்கு 10 கிராம் உப்புக்கு அந்த முயற்சியின் அழுத்தம் ஏறக்குறைய 8 வளிமண்டலம், அதாவது 80 மீட்டர் உயர நீர்த்தம்பம். அதைவிடக் கூடுதலாக அழுத்தினால்தான் நீர் இந்தப் பக்கம் வரும். நீர் வெளியேற வெளியேற மிச்சத்தில் உப்பின் செறிவு ஏறும். தேவைப்படும் அழுத்தமும் அதற்கேற்ப ஏறும். மின்கட்டணத்தின் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. ஓர் அளவுக்கு மேல் அழுத்துவதை நிறுத்தி, எஞ்சிய செறிவுநீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியில் கிடைப்பது பல உப்புகள் கலந்த ஒரு கலவை. விற்பதற்கு அது தூய்மையானதாக இல்லை. கொட்டுவதற்கு இடமும் இல்லை. மூட்டைகளாகக் கூரையின் கீழ் அடுக்கி வைக்கிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு பற்றி மீண்டும் தீர்ப்பு வழங்கியபோதும் ஆற்றுப்படுகையின் பழைய உப்பு மணலுக்குள்தான் இருந்தது. புதிய உப்பின் மீது கூரை ஒழுகினால் அதுவும் அதே வழியில் இறங்கும்.